எந்தக் கணக்கில் நிற்கிறோம்?

கேள்வி: சிறிய கணினி நிறுவனம் ஒன்றில் பணிபுரிகிறேன். பத்தமடைப் பாய் வியாபாரி ஒருவர், அம்பாசமுத்திரத்து அரிசி ஆலை ஒன்று என இரு தரப்பாருடைய ஏடபிள்யூஎஸ் (அமேசானின் இணையவழிக் கணினிச் சேவை) கணக்குகளையும் ஒரே மடிக்கணினியிலிருந்து கவனிக்கிறேன். சென்ற வாரம் டெர்மினலில் (கட்டளைகளைத் தட்டும் ஜன்னலில்) கட்டளை கொடுத்தபோது, ஆலைக்கு உருவாக வேண்டிய எஸ்3 பக்கெட் (கோப்புகளைச் சேமிக்கும் இடம்) பாய் வியாபாரியின் கணக்கில் உருவாகிவிட்டது. யாருடைய கணக்கில் இருக்கிறோம் என்பதை முன்பே அறிய வழி உண்டா?
— வாசகர், பாளையங்கோட்டை

பதில்: உண்டு. 'ஏடபிள்யூஎஸ் எஸ்டிஎஸ் கெட்-காலர்-ஐடென்டிட்டி' என்ற கட்டளையைக் கொடுத்தால் மூன்று விவரங்கள் வரும். அவற்றுள் 'அக்கவுண்ட்' என்பதற்கு எதிரே இருப்பதுதான் 12 இலக்கக் கணக்கு எண். 'ஏஆர்என்' என்பது எந்தப் பயனராக அல்லது எந்த ரோலில் (தற்காலிகமாக ஏற்கும் அனுமதித் தொகுப்பில்) நுழைந்திருக்கிறீர்கள் என்பதைக் காட்டும். அது 'ரூட்' என்று முடிந்தால், கணக்கு உரிமையாளரின் சாவியே (நுழைவுக்கான ரகசியக் குறியீடே) உங்கள் கணினியில் கிடக்கிறது என்று பொருள், அதை அன்றே நீக்கிவிடுங்கள். இக்கட்டளைக்குத் தனி அனுமதி எதுவும் தேவையில்லை. கணக்கு எண்ணை எக்செல்லில் குறித்து வைப்பவர்கள் அந்தக் கட்டத்தை முதலிலேயே 'டெக்ஸ்ட்' என மாற்றிக்கொள்ள வேண்டும். பூஜ்யத்தில் தொடங்கும் எண்ணாக இருந்தால் எக்செல் அந்தப் பூஜ்யத்தை விழுங்கிவிடும், மிஞ்சிய 11 இலக்கங்களை வைத்துக்கொண்டு நானே ஒரு முற்பகல் முழுவதும் தேடியிருக்கிறேன்.

ஆனால் எண்ணைப் பார்ப்பது பாதி வேலைதான். ஒரு டெர்மினல் ஜன்னலில் ஆலையின் புரொஃபைலை (சாவியையும் அமைப்புகளையும் ஒரு பெயரில் சேமித்த தொகுப்பை) என்விரான்மென்ட் வேரியபிளாக, அதாவது அந்த ஜன்னலுக்கு மட்டுமான அமைப்பாக, அமைத்துவிட்டு, வேறொரு ஜன்னலைத் திறந்து அங்கே கட்டளையைத் தட்டினால், அந்த அமைப்பு அங்கே இருக்காது என்பதால் ஏடபிள்யூஎஸ் கட்டளைக் கருவி ஓசையின்றி 'டிஃபால்ட்' புரொஃபைலை எடுத்துக்கொள்ளும். உங்களுக்கு நேர்ந்ததும் இதுவாகவே இருக்கலாம். 'ஏடபிள்யூஎஸ் கன்ஃபிகர் லிஸ்ட்' என்று கொடுத்தால், சாவி எங்கிருந்து எடுக்கப்படுகிறது என்பதும் அதன் கடைசி நான்கு எழுத்துகளும் தெரியும். என்னைக் கேட்டால், 'டிஃபால்ட்' என்ற பெயரில் எந்தச் சாவியையும் வைக்காதீர்கள். 'பாய்', 'ஆலை' என்று ஆங்கில எழுத்தில் பெயரிட்டு, ஒவ்வொரு கட்டளையிலும் 'புரொஃபைல்' தெரிவைச் சேர்த்துத் தட்டுங்கள். பெயர் மறந்தால் சாவி இல்லை என்று கட்டளை நின்றுவிடும்.

தவறி உருவான பக்கெட்டைப் பொறுத்தவரை, பொதுவாக ஒரு பக்கெட் பெயர் எல்லாக் கணக்குகளுக்கும் சேர்த்து ஒருவருக்கே கிடைக்கும். ஆகவே பாய் வியாபாரியின் கணக்கில் அதை அழித்து, பெயர் விடுபடச் சிறிது நேரம் பொறுத்த பிறகே ஆலைக் கணக்கில் அதே பெயரைக் கேட்க முடியும்.