இங்கிலாந்தில் இறந்த மூதாதையரின் மரண விசாரணை ஆவணங்களைத் தேடுவது எப்படி?

கேள்வியின் சாரம் இது: 1890களில் இங்கிலாந்தில் இறந்த ஒரு மூதாதையரின் இறப்புச் சான்றிதழில் கொரோனர் (திடீர் மரணங்களையும் சந்தேக மரணங்களையும் விசாரிக்கும் அதிகாரி) ஒருவரின் பெயர் இருக்கிறது, விசாரணை நடந்த தேதியும் இருக்கிறது. அந்த விசாரணைக் கோப்பு இப்போது எங்கே இருக்கும்? இணையத்தில் பெயரைப் போட்டுத் தேடினால் ஏன் எதுவும் வருவதில்லை?

இரண்டாவதற்கு முதலில் பதில் சொல்கிறேன். ஆவணக் காப்பகங்கள் கொரோனர் ஆவணங்களைப் பெரும்பாலும் கொரோனரின் பெயரிலோ அவருடைய அதிகார எல்லையின் பெயரிலோதான் பட்டியலிட்டிருக்கின்றன. நூற்றுக்கணக்கான விசாரணைகள் உள்ள ஒரு பெட்டிக்குப் பட்டியலில் ஒரே வரி இருக்கும். அதற்குள் யார் யார் பெயர் இருக்கிறது என்பது பல இடங்களில் இன்னும் பதிவாகவில்லை. அதனால் இறந்தவர் பெயரை ஓரமாக வைத்துவிட்டு கொரோனரைத் தேடுங்கள்.

அதற்குத் தேவையானது சான்றிதழிலேயே இருக்கிறது. இங்கிலாந்து, வேல்ஸ் சான்றிதழில் ஏழாவது கட்டம் தகவல் தந்தவருக்கு உரியது. விசாரணை நடந்திருந்தால் அங்கே உறவினர் பெயருக்குப் பதிலாக, இன்ன கொரோனரிடமிருந்து சான்று பெறப்பட்டது, இன்ன தேதியில் விசாரணை நடந்தது என்று எழுதியிருப்பார்கள். கொரோனர் பெயர், எல்லை, விசாரணைத் தேதி மூன்றையும் அப்படியே குறித்துக்கொள்ளுங்கள். சான்றிதழ் இன்னும் கையில் இல்லாதவர்கள் பொதுப் பதிவு அலுவலகத்தின் (General Register Office) இணையக் குறியீட்டில் தேடி வாங்கலாம். அந்தக் குறியீடு இறந்த தேதிப்படி அமைந்ததல்ல, பதிவான காலாண்டுப்படி அமைந்தது. விசாரணை ஒத்திவைக்கப்பட்டிருந்தால் பதிவும் தள்ளிப்போகும். மார்ச் கடைசியில் இறந்தவர் ஜூனில் முடியும் காலாண்டில் இருப்பது சாதாரணம்.

1926க்குப் பிந்தைய சான்றிதழ் என்றால் ஒரு எச்சரிக்கை. அந்த ஆண்டுச் சட்டத் திருத்தத்துக்குப் பிறகு, பிரேதப் பரிசோதனையில் இயற்கை மரணம் என்று தெரிந்தால் விசாரணை நடத்தாமலே கொரோனர் முடித்துவிடலாம். 'விசாரணையின்றி' என்ற குறிப்பு இருந்தால், சாட்சிகளோ தீர்ப்போ கொண்ட கோப்பு இல்லவே இல்லை.

அடுத்து எல்லை. பலரும் சறுக்குவது இங்கேதான். விசாரணை நடத்தும் உரிமை, உடல் எந்த எல்லைக்குள் கிடக்கிறதோ அந்த கொரோனருக்கு உரியது. விபத்து எங்கே நடந்தது என்பது இரண்டாம்பட்சம். கிராமத்துச் சுரங்கத்தில் அடிபட்டவரை வண்டியில் ஏற்றி நகர மருத்துவமனைக்குக் கொண்டுபோய், அங்கே மூன்றாம் நாள் உயிர் பிரிந்தால், விசாரணை நகர கொரோனருடையது. மாவட்ட கொரோனரின் பெட்டிகளை எத்தனை முறை புரட்டினாலும் கிடைக்காது. மாவட்ட கொரோனர்களோடு நகரங்களுக்குத் தனி கொரோனர்களும், பிரபுக்கள், திருச்சபை வசமிருந்த சில பகுதிகளுக்குத் தனி கொரோனர்களும் இருந்தார்கள். ஆகவே இறந்த இடத்தின் முகவரியை அந்தக் கால வரைபடத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, எந்தக் காப்பகத்துக்கு எழுதுவது என்று முடிவுசெய்யுங்கள்.

இனி கசப்பான உண்மை. கோப்பு அழிந்திருக்க வாய்ப்பு அதிகம். 1875க்கு முந்தைய ஆவணங்களைக் காக்க வேண்டும் என்பது விதி. அதற்குப் பிந்தையவற்றில் பதினைந்து ஆண்டு கடந்ததைக் கழித்துவிட அனுமதி இருந்தது, பல அலுவலகங்கள் தாராளமாகவே கழித்தன. 1890கள் சரியாக இந்தப் பள்ளத்தில் விழுகின்றன. விதி இருந்தும் பழையவை எல்லா இடத்திலும் தப்பியதாகச் சொல்ல முடியாது.

அதனால்தான் காப்பகத்துக்கு எழுதுவதற்கு முன்பே செய்தித்தாளைப் பாருங்கள் என்கிறேன். இது இரண்டாந்தர வழி அல்ல. பத்தொன்பதாம் நூற்றாண்டு உள்ளூர் வாரப் பத்திரிகைகள் மரண விசாரணைகளை விரிவாக வெளியிட்டன. யார் கடைசியாகப் பார்த்தார், மருத்துவர் என்ன சொன்னார், மனைவி என்ன சொன்னார், ஜூரிகள் என்ன கேட்டார்கள் என்று சாட்சி சாட்சியாக வரும். அதிகாரபூர்வத் தீர்ப்புத்தாளோ பெரும்பாலும் சட்ட வாசகம் நிரம்பிய ஒற்றைத் தாள்: தேதி, இடம், ஜூரிகளின் கையெழுத்து, முடிவு. சாட்சி வாக்குமூலங்கள் தனித் தாள்கள், தொலைந்ததும் அவைதான். கோப்பு கிடைத்த பிறகும் பத்திரிகையில்தான் கூடுதல் விவரம் இருந்தது என்பது அடிக்கடி நடக்கும்.

பிரிட்டிஷ் செய்தித்தாள் காப்பகத்தின் இணையதளத்தில் தேடுவது இலவசம், பெரும்பாலான பக்கங்களைத் திறந்து படிக்கக் கட்டணம். வேல்ஸில் இறந்தவர் என்றால் வேல்ஸ் தேசிய நூலகத்தின் செய்தித்தாள் தளம் 1919 வரை முழுக்க இலவசம். விசாரணைத் தேதியிலிருந்து இரண்டு வாரத்துக்குள் தேடலைச் சுருக்குங்கள். ஒத்திவைத்திருந்தால் இரண்டு மாதம் வரை நீட்டுங்கள். பழைய அச்சைக் கணினி தப்பாகப் படிப்பதால் குடும்பப் பெயர் உருக்குலைந்திருக்கும். அப்போது கொரோனரின் பெயர், கிராமத்தின் பெயர், தொழில் ஆகியவற்றைச் சேர்த்துத் தேடுங்கள். விசாரணைகள் பெரும்பாலும் அருகிலிருந்த மதுக்கடையில் நடந்தன, அந்தக் கடையின் பெயரும் நல்ல தேடுசொல். தண்ணீரில் கண்டெடுத்த உடல் என்றால் முதல் செய்தியில் பெயரே இருக்காது, 'அடையாளம் தெரியாத ஆண்' என்றுதான் வரும்.

செய்தியைப் படித்த பிறகு காப்பகத்துக்கு எழுதுங்கள். எந்த மாவட்டக் காப்பகம் என்று தெரியாவிட்டால் லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தின் இணையப் பட்டியலில் கொரோனர் எல்லையின் பெயரைப் போடுங்கள். மற்றக் காப்பகங்களின் இருப்பும் அதில் தெரியும். கடிதத்தில் குடும்பக் கதை வேண்டாம். இறந்தவர் பெயர், விசாரணைத் தேதி, இடம், கொரோனர் பெயர் போதும். இந்த கொரோனரின் எந்தெந்த ஆண்டு ஆவணங்கள் தப்பியிருக்கின்றன, கோப்புகள் போயிருந்தாலும் பதிவேடு இருக்கிறதா என்று சேர்த்தே கேளுங்கள். பதிவேட்டில் பெயர், வயது, இடம், தீர்ப்பு என ஒரே வரிதான் இருக்கும், ஆனாலும் அது உறுதியான ஆதாரம். எழுபத்தைந்து ஆண்டு ஆகாத ஆவணங்கள் பொதுவாக மூடப்பட்டவை. அவற்றுக்கு அந்தப் பகுதியின் இன்றைய கொரோனர் அலுவலகத்தில், உறவுமுறைக்கான சான்றோடு விண்ணப்பிக்க வேண்டும்.

தேடல் பின்னோக்கிப் போனால் இடமும் மாறும். 1752 முதல் 1860 வரை காலாண்டுக்கு ஒருமுறை கூடிய மாவட்ட அமர்வு நீதிமன்றத்தின் ஆவணங்களைப் பாருங்கள். அந்தக் காலத்தின் பெரும்பகுதியில் கொரோனருக்கு ஒரு விசாரணைக்கு 1 பவுண்டும், பயணத்துக்கு மைலுக்கு 9 பென்சும் கொடுத்தார்கள். பணம் வாங்க அவர் பில் கொடுத்தாக வேண்டும். அந்தப் பில்களில் இறந்தவர் பெயர், தேதி, ஊர், சில சமயம் காரணம்கூட இருக்கும். விசாரணைத் தாள் அழிந்த இடங்களில் பில் மட்டும் பிழைத்திருக்கிறது, பணக் கணக்கை யாரும் லேசில் எறிவதில்லை. 1733க்கு முந்தைய தாள்கள் லத்தீனில் இருக்கும். தேதிகள் மன்னர் ஆட்சியாண்டில் வந்தால் குழம்ப வேண்டாம்: விக்டோரியா அரியணை ஏறியது 1837 ஜூன் 20, எனவே 'விக்டோரியாவின் 12ஆம் ஆண்டு' என்பது 1848 ஜூன் 20 முதல் 1849 ஜூன் 19 வரை.

ஸ்காட்லாந்தில் இறந்தவர் என்றால் மேலே சொன்ன வழி செல்லாது. அங்கே கொரோனர் முறை இல்லை, திடீர் மரணங்களை அரசு வழக்கறிஞரான ப்ரொக்யுரேட்டர் ஃபிஸ்கல் விசாரித்தார். 1855 முதல் இறப்புப் பதிவின் ஓரத்தில் திருத்தப் பதிவேட்டுக்கான குறிப்பு இருக்கிறதா என்று பாருங்கள், அவர் கண்டறிந்த காரணம் அங்கே இருக்கும்.

கிடைத்ததை வாசிக்கும்போது நிதானம் தேவை. விசாரணை நடந்தது என்பதாலேயே ஏதோ குற்றம் நடந்தது என்று எண்ணிவிடாதீர்கள். சிறையில் இறந்த ஒவ்வொருவருக்கும், நோயில் இறந்தவராக இருந்தாலும், விசாரணை கட்டாயம். 'கடவுளின் செயல்' என்ற தீர்ப்பு இயற்கை மரணத்தைக் குறிக்கும். தற்கொலைத் தீர்ப்பில் 'தற்காலிகப் புத்திப் பேதலிப்பில்' என்று இருந்தால் அதை மருத்துவக் குறிப்பாக எடுத்து, குடும்பத்தில் மனநோய் இருந்தது என்று வம்சாவளியில் எழுதிவிடாதீர்கள். தெளிந்த புத்தியோடு செய்த தற்கொலை என்று ஜூரிகள் சொன்னால், 1870 வரை இறந்தவரின் உடைமை அரசுக்குப் பறிபோகலாம். 1823 முதல் 1882 வரை அப்படிப்பட்டவரை இரவு 9 மணிக்கும் நள்ளிரவுக்கும் இடையில்தான், மதச் சடங்கில்லாமல், புதைக்க முடியும். விதவையையும் பிள்ளைகளையும் அதிலிருந்து காப்பாற்ற ஜூரிகளுக்கு இருந்த வழி அந்தச் சொற்றொடர். ஜூரிகள் அதே ஊர்க்காரர்கள். பலருக்கு இறந்தவரைத் தெரிந்தும் இருக்கும். எனவே தீர்ப்பு வரியை மட்டும் பெயர்த்து எழுதாமல், சாட்சிகள் சொன்னதையும் பக்கத்தில் வைத்துப் பதிவுசெய்யுங்கள்.