கிருஷ்ணகிரி கே.ஆர்.பி. அணை ஏரி மலை ஏரியா? 'கே.ஆர்.பி.' என்பது யார் பெயர்?

இயற்கையான மலை ஏரி இல்லை. சுற்றிலும் குன்றுகள் நிற்பதால் அப்படித் தெரிகிறது. தென்பெண்ணையை மறித்துக் கட்டிய நீர்த்தேக்கம்தான். ஆறு கர்நாடகத்தில் நந்தி மலைப் பக்கம் பிறந்து, ஓசூர் கெலவரப்பள்ளி அணையைத் தாண்டி இங்கே வருகிறது. அப்புறம் சாத்தனூர், கடைசியில் கடலூர் அருகே கடல்.

கே.ஆர்.பி. யார் பெயரும் இல்லை. 'கிருஷ்ணகிரி ரிசர்வாயர் புராஜெக்ட்' என்பதன் சுருக்கம், அவ்வளவுதான். ராஜா பெயர் என்று நினைப்பவர்கள் கே.ஆர்.எஸ்.ஸோடு குழப்பிக்கொள்கிறார்கள். அது மண்டியா மாவட்டத்தில், காவிரியில் இருக்கும் கிருஷ்ணராஜ சாகர்; மைசூர் மன்னர் பெயர் கொண்டது.

நம் அணையின் முழு நீர்மட்டம் 52 அடி. நிரம்பி மதகு திறந்தால் பார்க்கப் போங்கள். கெலவரப்பள்ளியில் வெள்ளையாகப் பொங்கும் நுரையை மட்டும் அழகு என்று தொட்டுவிடாதீர்கள், மேலே ஆற்றில் கலக்கும் கழிவுநீரின் வேலை அது.