இரண்டு பெர்ஃபார்மன்ஸ் டெஸ்ட் ரன்களை ஒப்பிட ஒரே ரிசல்ட் பக்கம் எப்படித் தயாரிப்பது?

ஜேமீட்டர் (தளத்துக்கு நிறைய ரிக்வெஸ்ட்டுகளை, அதாவது லோடை, அனுப்பி வேகம் அளக்கும் கருவி) தரும் ரிப்போர்ட் இரண்டை அடுத்தடுத்த பிரவுசர் டேப்களில் திறந்து கண்ணாலேயே ஒப்பிடுகிறேன், வேறு வழி உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். உண்டு.

நான் காரைக்குடியில் இருந்து கண்டாங்கிச் சேலை, ஆத்தங்குடிக் கல் விற்கும் சில கடைகளின் தளங்களைப் பார்த்துக்கொள்கிறேன். புது வெர்ஷன் ஏற்றுவதற்கு முன் இந்த ஒப்பீட்டைச் செய்யாமல் விடுவதில்லை.

ஜேமீட்டர் 3.0 முதல் வரும் டாஷ்போர்டு (கிராஃபுகளோடு கூடிய எச்டிஎம்எல் ரிப்போர்ட்) ஒரு ரன்னுக்கானது. ஒப்பிட வேண்டுமானால் ஜேமீட்டர் ரிசல்ட்டைப் பதிந்து வைக்கும் ஜேடிஎல் கோப்பைத்தான் பிடிக்க வேண்டும். அது சாதாரண சிஎஸ்வி, ஒரு ரிக்வெஸ்ட்டுக்கு ஒரு வரி. பாண்டாஸ் என்ற பைத்தான் லைப்ரரியில் லேபிள் (ரிக்வெஸ்ட்டின் பெயர்) வாரியாகப் பிரித்து மீடியன், 95-வது பெர்சென்டைல் (100-ல் 95 ரிக்வெஸ்ட் இந்த நேரத்துக்குள் முடியும்), எரர் சதவீதம் எடுங்கள். அவற்றை ஜின்ஜா டெம்ப்ளேட்டில் (எண்களை எச்டிஎம்எல் பக்கத்தில் நிரப்பும் பைத்தான் கருவி) கொடுத்தால் பக்கம் தயார். இது அரை நாள் வேலை.

சிரமம் அதற்கு அப்புறம்தான். தேடல் பக்கம் 400 மில்லிவினாடியிலிருந்து 440 ஆனது என்று வையுங்கள். கோட் கெட்டுவிட்டதா, சர்வரின் வழக்கமான ஏற்ற இறக்கமா? ஒரே ஒரு ரன்னை வைத்துச் சொல்லவே முடியாது. முதலில் பழைய வெர்ஷனையே பல முறை ஓட்டி, அது எவ்வளவு ஆடுகிறது என்று பாருங்கள். 380-க்கும் 450-க்கும் நடுவில் ஆடினால் 440 ஒரு செய்தியே இல்லை. அந்த வீச்சை அட்டவணையில் தனி நெடுவரிசையாகவே போடுங்கள். என்னைக் கேட்டால் முழுப் பக்கத்திலும் முக்கியமானது அதுதான். பழையது, புதியது என்று மாற்றி மாற்றி ஓட்டுவது நல்லது. ரன்களைச் சேர்க்கும்போது பெர்சென்டைல்களைச் சராசரி எடுக்காதீர்கள், மூல வரிகளை ஒன்றாக்கிக் கணக்கிடுங்கள்.

எரர் விஷயத்தில் ரொம்பக் கவனம் தேவை. 500 எரர் (சர்வர் பக்கக் கோளாறு) பெரும்பாலும் சட்டென்று திரும்பிவிடும். அதையும் சேர்த்தால், உடைந்த பக்கம் வேகமாகிவிட்டதுபோல் தெரியும். வெற்றியான ரிக்வெஸ்ட்டுகளின் நேரத்தை மட்டும் கணக்கில் எடுத்து, எரர் சதவீதத்தை அதன் அருகிலேயே காட்டுங்கள். வார்ம்-அப் நேரத்து (ரன் தொடங்கி சர்வர் சீராகும் வரையிலான) வரிகளையும் வெட்டிவிடுங்கள்.

லோடை வீட்டு பிராட்பேண்டிலிருந்து கொடுக்காதீர்கள். காரைக்குடியிலிருந்து மும்பை சர்வருக்குப் போய்வரும் நேரமும் அதில் கலந்துவிடும். சர்வருக்குப் பக்கத்திலேயே ஒரு மெஷின் எடுங்கள். கமிட் எண் (எந்தக் கோட் வெர்ஷன் என்பதைக் காட்டுவது), சர்வர் அளவு, யூசர் எண்ணிக்கை, டேட்டாபேஸில் எத்தனை பொருட்கள் என்பதெல்லாம் ரிசல்ட் பக்கத்திலேயே இருக்கட்டும். கமிட் எண் தவிர இவற்றில் ஒன்று மாறினாலும் ஒப்பீடு செல்லாது.

சேலைக் கடை ஆச்சியிடம் நான் முதலில் தயாரித்த ரிசல்ட் பக்கத்தைக் காட்டியபோது, "தம்பி, மெதுவாயிருச்சா இல்லையா, அதைச் சொல்லுங்க" என்றார்கள். அவர்கள் கேட்டது நியாயம். இப்போது உச்சியில் ஒரே வரி: "பணம் கட்டும் பக்கம் மெதுவாகியுள்ளது, மற்றவை பழையபடியே." கிராஃப் எல்லாம் அதற்குக் கீழேதான்.

ஜேடிஎல் கோப்புகளை அழிக்காமல் சுருக்கி வையுங்கள். டாஷ்போர்டு பிறகு வேண்டுமென்றால் ஜேமீட்டர் கட்டளையின் '-g' ஆப்ஷனில் அதே கோப்பைக் கொடுத்து எடுக்கலாம். அவுட்புட் ஃபோல்டர் மட்டும் காலியாக இருக்க வேண்டும்.