நட்டாலி டு டோயிட்டின் நீச்சல் வாழ்க்கை: கேள்வி பதில்

விபத்தில் ஒரு காலை இழப்பதற்கு முன்பே நட்டாலி பெயர்பெற்ற வீராங்கனையா?

ஆம். 1984இல் தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனில் பிறந்த நட்டாலி, 1998 கோலாலம்பூர் காமன்வெல்த் போட்டிகளில் பதினான்கு வயதிலேயே நாட்டுக்காக நீந்தினார். 2001 பிப்ரவரியில் நீச்சல் பயிற்சி முடித்து ஸ்கூட்டரில் பள்ளிக்குச் செல்லும் வழியில் கார் மோதியதால், அவருடைய இடது காலை முழங்காலோடு அகற்ற வேண்டியதாயிற்று. நடக்கப் பழகும் முன்பே அவர் மீண்டும் குளத்தில் இறங்கினார். அடுத்த ஆண்டு மான்செஸ்டர் காமன்வெல்த் போட்டிகளில், மாற்றுத்திறனாளிகளுக்கான பந்தயங்களில் தங்கம் வென்றதோடு, உடற்குறை இல்லாதவர்களுடன் போட்டியிட்டு 800 மீட்டர் ஃப்ரீஸ்டைல் இறுதிச்சுற்றையும் எட்டினார்.

செயற்கைக் கால் பொருத்தி நீந்தினாரா?

இல்லை. அதைக் கரையில் கழற்றி வைத்துவிட்டே நீரில் இறங்குவார்.

பின்னர் திறந்த நீரில் பத்துக் கிலோமீட்டர் போன்ற கடினமான தூரத்தை ஏன் தேர்ந்தெடுத்தார்?

அவருடைய சாதனையை அதிசயம் என்று எழுதுவோர் கவனிக்கத் தவறுவது இதைத்தான். குளத்துப் போட்டியில் ஒரு கால் இல்லாதவர், மேடையிலிருந்து பாயும்போதும், ஒவ்வொரு முறை சுவரை உதைத்துத் திரும்பும்போதும், நீந்தும் தூரமெல்லாம் காலடிப்பதிலும் நேரத்தை இழக்கிறார். 50 மீட்டர் குளத்தில் 800 மீட்டர் நீந்துபவர் பதினைந்து முறை சுவரை உதைத்தாக வேண்டும். அத்தனை முறையும் இரு கால் உள்ளவர் சற்றே முந்திவிடுவார். திறந்த நீரில் நடக்கும் மாரத்தான் நீச்சலில் அந்தச் சுவரே கிடையாது. மிதவை மேடையிலிருந்து ஒருமுறை பாய்ந்த பின் பெரும்பாலும் கைகளின் வேலைதான், ஏனெனில் நெடுந்தூரம் நீந்துவோர் அனைவருமே சக்தியைச் சேமிப்பதற்காகக் காலடிப்பதைக் குறைத்துக்கொள்வார்கள். ஆனாலும் சலுகை என்று எதுவும் இல்லை: கூட்டமாக மிதவைகளைச் சுற்றித் திரும்பும் நெரிசலிலும், முடிவுக் கோட்டை நெருங்கும் கடைசி விரைவிலும் இரண்டாவது காலின் இன்மை கடுமையாகவே உணரப்படும். உடலுக்கு ஏற்ற களத்தைக் கண்டறிந்து, அதற்கேற்ற உழைப்பையும் கொடுத்தார் என்பதே என் கணிப்பு.

2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கின் 10 கிலோமீட்டர் பந்தயத்தில் பதினாறாம் இடம்தானே கிடைத்தது?

அந்த 'தானே' எனக்கு ஏற்புடையதன்று. ஸ்பெயினின் செவில் நகரில் நடந்த திறந்த நீர் நீச்சல் உலகப் போட்டியில் நான்காவதாக வந்து அவர் ஒலிம்பிக் தகுதியைப் பெற்றார். 2008 ஆகஸ்ட் 20 அன்று, ஒலிம்பிக்கில் முதன்முறையாக நடந்த பெண்கள் 10 கிலோமீட்டர் பந்தயத்தில், ஏறத்தாழ இரண்டு மணி நேரம் நீந்திய பின் அவருக்கும் வெற்றிபெற்ற ரஷ்யாவின் லாரிசா இல்சென்கோவுக்கும் இடையே இருந்தது சுமார் 1 நிமிடம் 22 விநாடி மட்டுமே. அடுத்த மாதம் அதே நகரில் நடந்த பாராலிம்பிக்கில் அவர் ஐந்து தங்கம் வென்றார். 2004, 2008, 2012 பாராலிம்பிக் போட்டிகளில் அவர் பெற்றவை மொத்தம் 13 தங்கமும் 2 வெள்ளியும் ஆகும்.

என் மகளுக்கும் ஒரு காலில் குறைபாடு உண்டு. அவள் எந்தப் பிரிவில் வருவாள்?

உடற்குறை உள்ளவர்களுக்கு ஃப்ரீஸ்டைல், பேக்ஸ்ட்ரோக், பட்டர்ஃப்ளை ஆகியவற்றில் எஸ்1 முதல் எஸ்10 வரை பிரிவுகள் உண்டு. எண் குறையக் குறைய உடற்குறையின் தாக்கம் கூடுதல் என்று பொருள். நட்டாலி எஸ்9 பிரிவில் நீந்தினார். பிரிவை நிர்ணயிக்கும் வல்லுநர்கள் உடலையும், நீரில் உடல் இயங்கும் விதத்தையும் நேரில் சோதித்தே முடிவுசெய்வார்கள் என்பதால், எழுத்தில் படித்து நான் சொல்ல இயலாது. மார்பு நீச்சலில் கால் உதைப்பின் பங்கு மிகுதி என்பதால் அதற்கு எஸ்பி எனத் தனிப் பிரிவு உண்டு; அங்கே அவளுடைய எண் வேறாக அமையக்கூடும். ஆகவே ஒரே நீச்சல் வகையில் அவளை இப்போதே நிறுத்திவிடாமல், நான்கையும் பழக விடுங்கள்.