வாக்கெடுப்பு முடிந்த பிறகு பிரதிநிதியின் வேலை

வாசகர் கேள்வி:

மதிப்பிற்குரிய ஐயா, கன்னியாகுமரி மாவட்டத்தில் பிறந்த நான் அமெரிக்காவின் இலினாய் மாநிலத்தில், மிசௌரி சினாட் என்னும் லுத்தரன் திருச்சபை அமைப்பைச் சேர்ந்த சபை ஒன்றில் போதகராக ஊழியம் செய்துவருகிறேன். 2023 ஜூலை 29 முதல் ஆகஸ்ட் 3 வரை மில்வாக்கி நகரில் நடந்த தேசிய மாநாட்டுக்கு எங்கள் சர்க்கிட்டின் (அருகருகே உள்ள சில சபைகளின் குழு) போதகர் பிரதிநிதியாகச் சென்றேன். ஆராதனைகள் மனதை நிறைத்தன. ஆனால் விவாதங்களைப் பார்த்தபோது இது திருச்சபையா, சட்டமன்றமா என்ற கலக்கம் உண்டாயிற்று. எங்களோடு சபையார் பிரதிநிதியாக வந்தவர் ஒரு விவசாயி. ஒரு தீர்மானத்தை ஆதரித்துப் பேசுவதற்காக முந்தின இரவு எழுதித் திருத்திய தாளோடு ஒலிவாங்கி வரிசையில் நின்றார். அவருக்கு முன்னால் இன்னும் இரண்டு பேர் நிற்கும்போதே, விவாதத்தை முடித்துக்கொள்ளலாம் என்ற முன்மொழிவு வந்து நிறைவேறிவிட்டது. தாளை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார். அதே தீர்மானத்தை நான் எதிர்த்து வாக்களித்தேன். அது பெரும்பான்மையால் நிறைவேறியது. இப்போது சபையில் அறிக்கை தரச் சொல்கிறார்கள். என் மனம் ஒப்பாத தீர்மானத்தை நான் எப்படி எடுத்துச்சொல்வது? இனி இப்படிப்பட்ட மாநாடுகளுக்குப் போவதில் பயன் உண்டா?

– பெயர் வெளியிட விரும்பாத போதகர்

பதில்:

அன்புள்ள போதகருக்கு,

நீங்கள் கேட்டிருப்பவை இரண்டு கேள்விகளானாலும் இரண்டுக்கும் வேர் ஒன்றே. மாநாட்டின் தீர்மானத்துக்கு எத்தகைய அதிகாரம் உண்டு என்பது விளங்கிவிட்டால், சபைக்கு எப்படி அறிக்கை தருவது என்பதும் மறுபடியும் போவதா என்பதும் விளங்கிவிடும். இந்தியச் சுவிசேஷ லுத்தரன் திருச்சபையைச் சேர்ந்த நானும் அத்தகைய ஒரு மாநாட்டை விருந்தினர் இருக்கையிலிருந்து பார்த்தவன் என்பதால், உங்கள் கலக்கம் எனக்கு அந்நியமானதல்ல.

வடிவத்தில் அது சட்டமன்றத்தைப் போன்றதுதான். அதை மறுக்க வேண்டியதில்லை. சபைகளும் சர்க்கிட்டுகளும், பல சர்க்கிட்டுகள் அடங்கிய சினாட்டின் மாவட்டங்களும் அனுப்பும் கோரிக்கைகள் பணிநூலாக அச்சிடப்படுகின்றன. அவற்றைத் தீர்மானக் குழுக்கள் மாநாட்டுக்குச் சில வாரங்களுக்கு முன்னரே கூடி வரைவுத் தீர்மானங்களாக ஆக்குகின்றன. பிறகு போதகர் ஒருவரும் சபையார் ஒருவருமாக ஒவ்வொரு தேர்தல் சர்க்கிட்டிலிருந்தும் வந்த பிரதிநிதிகள் அவற்றை விவாதித்து வாக்களிக்கிறார்கள். இந்த நடைமுறையை நான் குறைவாக எண்ணுவதில்லை. விதிகள் இல்லாத கூட்டத்தில் உரத்த குரல் உள்ளவரே வெல்வார். விதிகள் இருக்கும்போது, கூச்சமுள்ள ஒரு விவசாயியும் பேராசிரியருக்கு நிகராக வரிசையில் நிற்க முடிகிறது. விவாதத்தை முடிக்கும் முன்மொழிவுக்கும் சாதாரணப் பெரும்பான்மை போதாது, மூன்றில் இரண்டு பங்கினர் இசைய வேண்டும் என்று, கூட்டங்களை நடத்தும் முறையை வகுக்கும் ராபர்ட் விதிகள் கேட்பது இதனால்தான். ஆயினும் மூன்றில் இரண்டு பங்கு களைத்துப்போன நான்காம் நாள் மாலையில் எளிதாகக் கிடைத்துவிடுகிறது என்பதும் உண்மை. நான் அந்த அரங்கில் இருந்திருந்தால், வரிசையில் ஒரு சபையார் பிரதிநிதி நிற்கும்வரை அந்த முன்மொழிவுக்கு இசைந்திருக்க மாட்டேன்.

வடிவம் இருக்கட்டும், அதிகாரத்துக்கு வருவோம். இங்கே உங்கள் சினாட்டின் பிறப்பைக் கொஞ்சம் நிதானமாக நினைத்துப் பார்க்க வேண்டும். 1838-ஆம் ஆண்டின் இறுதியில் ஜெர்மானியச் சாக்சனி நாட்டு லுத்தரன் விசுவாசிகள் சில நூறு பேர், மார்ட்டின் ஸ்டீபன் என்ற போதகரின் தலைமையில் ஐந்து கப்பல்களில் அமெரிக்காவுக்குப் புறப்பட்டார்கள். அவற்றுள் ஒன்று கரை சேரவே இல்லை. பயணத்தின்போதே ஸ்டீபனைத் தங்கள் பேராயராக ஏற்றுக்கொண்டு, ஆவிக்குரிய காரியங்களில் மட்டுமன்றிப் பணத்திலும் நிலத்திலும் அவர் சொல்லே முடிவு என்று இருந்துவிட்டார்கள். மிசௌரியின் பெர்ரி கவுண்டியில் குடியேறிய சில மாதங்களுக்குள், 1839 மே மாதத்தில், ஒழுக்கக்கேடும் பணத்தைத் தவறாகக் கையாண்டதும் அவர்மேல் சுமத்தப்பட்டு, படகில் ஏற்றி மிசிசிப்பி ஆற்றின் மறுகரையில் விடப்பட்டார். எஞ்சியவர்களுக்கு அதன்பின் எழுந்த கேள்வி மிகக் கொடியது: பேராயர் போய்விட்டார், நாம் இன்னும் திருச்சபைதானா, நம் போதகர்கள் போதகர்கள்தானா, நாம் எடுக்கும் திருவிருந்து திருவிருந்துதானா? சிலர் சொந்த நாட்டுக்கே திரும்பிவிட வேண்டும் என்றார்கள். 1841 ஏப்ரலில் ஆல்டன்பர்க் என்ற சிற்றூரில் நடந்த விவாதத்தில், இருபத்தொன்பது வயதான சி. எஃப். டபிள்யூ. வால்தர், தேவ வார்த்தையும் திருவருட்சாதனங்களும் இருக்கும் இடத்தில், அங்கே எத்தனை தவறு நடந்திருந்தாலும், திருச்சபை இருக்கிறது என்று எடுத்துரைத்தார். வாடிப்போயிருந்த அந்த மக்களை நிமிர்த்தி வைத்தது பெரும்பான்மை வாக்கு அன்று. வேதத்திலிருந்தும் லுத்தரின் எழுத்துகளிலிருந்தும் காட்டப்பட்ட நியாயம்.

1847-இல் சிகாகோவில் சினாட் உருவானபோது அந்த மக்கள் அதிகாரத்தை ஓரிடத்தில் குவிக்க அஞ்சியதற்கு இந்தக் காயமே காரணம். முதல் தலைவரான வால்தர் 1848-இல் சினாட்டுக்கு ஆற்றிய உரையில், நமக்கு ஒருவருக்கொருவர் ஆலோசனை சொல்லும் அதிகாரமே உண்டு, வார்த்தையின் வல்லமையும் இணங்கவைக்கும் வல்லமையுமே உண்டு என்ற கருத்தை விளக்கி, அது குறையல்ல, ஆசீர்வாதம் என்றார். உங்கள் அமைப்புச் சட்டத்தின் ஏழாம் பிரிவு இன்றும் அதையே சொல்கிறது: சபைகளின் சுயாட்சியைப் பொறுத்தவரை சினாட் ஓர் ஆலோசனை அமைப்பு, தேவ வார்த்தைக்கு இசையாத, அல்லது ஒரு சபையின் நிலைமைக்குப் பொருந்தாத தீர்மானம் அந்தச் சபையைக் கட்டுப்படுத்தாது. இதைப் பிடித்துக்கொண்டு எதையும் எப்படியும் போதிக்கலாம் என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. வேதத்துக்கும் விசுவாச அறிக்கைகளுக்கும் நீங்கள் அபிஷேகத்தின்போது கொடுத்த வாக்கு உங்களைக் கட்டுகிறது. உபதேசம் பற்றிய தீர்மானங்கள் மாற்றப்படும்வரை மதிக்கப்பட வேண்டும் என்பதும் உங்கள் விதியே. ஆனால் ஒரு தீர்மானம் சபையாரின் மனதில் இடம்பெறுவது வாக்கு எண்ணிக்கையால் அல்ல, நியாயம் விளங்குவதால்தான்.

இதை மறந்தால் என்ன நேரும் என்பதற்கு 1973-ஆம் ஆண்டு நியூ ஆர்லியன்ஸ் மாநாடே போதிய சாட்சி. செயின்ட் லூயிஸ் கன்கார்டியா இறையியல் கல்லூரியின் பேராசிரியர்களுள் பெரும்பான்மையோரின் போதனை பொறுக்கத்தக்கதல்ல என்ற தீர்மானம் 574-க்கு 451 என்ற கணக்கில் நிறைவேறியது. எதிர்த்து வாக்களித்தவர்கள் தங்கள் பெயரைப் பதிவு செய்ய முன்னே நடந்தபோது பழைய பாமாலை ஒன்றைப் பாடிக்கொண்டே நடந்தார்கள். 1974 பிப்ரவரியில் ஆசிரியர்களும் மாணவர்களும் பெருவாரியாக வளாகத்தைவிட்டு வெளியேறினார்கள். 1976-இல் ஒரு பகுதி சபைகள் தனிச் சபைக் குழுவாகப் பிரிந்தன. அவை 1988-இல் அமெரிக்கச் சுவிசேஷ லுத்தரன் திருச்சபையில் சங்கமமாயின. வேதத்தின் அதிகாரம் பற்றிய அந்தக் கேள்வியைத் தள்ளிப்போட்டிருக்க முடியாது, கேட்டே ஆக வேண்டியிருந்தது என்றே நான் நம்புகிறேன். ஆனால் 451 பேர் என்பது அலட்சியம் செய்யத்தக்க எண்ணிக்கையன்று. வாக்கு முடிந்த மறுநாளே அவர்களோடு உட்கார்ந்து பேச ஆட்கள் வேண்டியிருந்தார்கள்; அந்த வேலை நடந்த இடங்களில் குடும்பங்கள் ஒரே ஆலயத்தில் நீடித்தன, நடவாத இடங்களில் அண்ணன் ஒரு சபைக்கும் தம்பி வேறு சபைக்கும் போனார்கள்.

மாநாடு தன் முடிவைத் திருத்திக்கொள்ளவும் செய்யும். 1969-இல் டென்வரில் அமெரிக்க லுத்தரன் திருச்சபையோடு பலிபீட, பிரசங்கபீட ஐக்கியம், அதாவது திருவிருந்தையும் பிரசங்கத்தையும் பகிர்ந்துகொள்ளும் உறவு, ஏற்கப்பட்டது. அதே கூட்டத்தில் அந்த ஐக்கியத்தில் தயக்கம் கொண்டிருந்த ஜே. ஏ. ஓ. பிராய்ஸ் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1981-இல் அந்த ஐக்கியம் முடித்துக்கொள்ளப்பட்டது.

நம் ஊரோடு தொடர்புடைய ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். 1893-இல் உங்கள் சினாட் வெளிநாட்டு ஊழியம் தொடங்கத் தீர்மானித்தபோது அவர்கள் மனதில் இருந்த நாடு ஜப்பான். ஆனால் ஜெர்மனியின் லைப்சிக் மிஷனிலிருந்து உபதேச வேறுபாட்டால் விலகிய தியோடர் நேத்தர், ஃபிரான்ஸ் மோன் என்ற இருவர் முன்வந்ததால், 1895-இல் ஊழியம் தொடங்கியது கிருஷ்ணகிரியில். நேத்தர் 1904-இல் அங்கேயே கொள்ளைநோய்க்கு இரையானார். பின்னர் அந்த ஊழியம் தெற்கே நாகர்கோவில் வரை வளர்ந்து, உங்கள் பிறந்த மாவட்டத்தில் வேரூன்றியது. தீர்மானத்தை எழுதியவர்கள் எண்ணிய திசை ஒன்று, தேவன் திறந்த வாசல் வேறு. எனவே ஒரு தீர்மானம் நிறைவேறியதால் எல்லாம் முடிந்துவிட்டது என்று மகிழ்வதும், எல்லாம் கெட்டுவிட்டது என்று துவளுவதும் இரண்டுமே அவசரம் என்பது என் கருத்து.

இனி உங்கள் அறிக்கை. பிரதிநிதியின் பொறுப்பு மாநாட்டோடு முடிவதில்லை. மூன்று ஆண்டுக்காலம் தீர்மானங்களைச் சபைகளுக்கு விளக்குவதும் அதில் அடங்கும். எண்களின் பட்டியலை வாசித்துவிட்டு உட்கார்ந்துவிடாதீர்கள். ஒவ்வொரு தீர்மானமும் எந்த வகையைச் சேர்ந்தது என்று முதலில் சொல்லுங்கள்: நன்றி தெரிவிப்பதா, சினாட்டின் உள்விதியை மாற்றுவதா, சபைகளைக் கேட்டுக்கொள்வதா, உபதேசத்தைத் தெளிவுபடுத்துவதா. மக்களிடையே எழும் பாதி அச்சம் இந்த வேறுபாடு தெரியாததால் வருவது. டெக்ஸாஸ் கன்கார்டியா பல்கலைக்கழகத்தின் நிர்வாகம் சினாட்டின் ஆளுகையிலிருந்து விலகியதைப் பற்றிய விவாதம் போன்றவை உங்கள் சபையாரின் காதுக்கு ஏற்கெனவே எட்டியிருக்கும். கேள்விகள் வரும், விடை தெரிந்தவற்றுக்கு விடை சொல்லுங்கள்.

நீங்கள் எதிர்த்த தீர்மானத்தை நீங்களே விளக்காதீர்கள். அந்த விவசாயி சகோதரரை அழைத்து, மில்வாக்கியில் வாசிக்க முடியாமற்போன தாளை உங்கள் சபையாரின் முன் முழுமையாக வாசிக்கச் செய்யுங்கள். அவர் முடித்த பின், நீங்கள் ஏன் எதிர்த்து வாக்களித்தீர்கள் என்பதை அவர் அளவுக்கே நேரம் எடுத்துச் சொல்லுங்கள். அதற்கு முன்னர் அவரது வாதத்தை உங்கள் வாயால் ஒரு முறை திரும்பச் சொல்லி, "நான் சொன்னது சரிதானா?" என்று எல்லார் முன்னிலையிலும் அவரிடம் கேளுங்கள். பொய்ச்சாட்சி சொல்லாதே என்னும் எட்டாம் கற்பனைக்குச் சிறிய ஞானோபதேசத்தில் லுத்தர் தரும் விளக்கம், அயலானைப் பற்றி நல்லதையே பேசி, அவன் செய்வதை எல்லாம் நல்ல முகமாகவே எடுத்துக்கொள்ளச் சொல்கிறது. சிறுவயதில் மனப்பாடம் செய்த அந்த வரிகளைப் பெரியவர்களான நாம் கைக்கொள்ள வேண்டிய முதல் இடம் மாநாட்டு அறிக்கைதான். சினாட்டின் தலைவர்களைப் பற்றியோ எதிர்த்தரப்பைப் பற்றியோ, அவர்கள் முன்னிலையில் சொல்லத் துணியாத ஒரு வார்த்தையும் அறிக்கையில் வேண்டாம்.

உங்கள் மனச்சாட்சியின் பாரத்தை அடக்கிக்கொள்ளவும் நான் சொல்லவில்லை. உபதேசத் தீர்மானத்தோடு உடன்படாதவர் முதலில் சக போதகர்களிடையே அதைப் பேச வேண்டும், பின்னர் இறையியல் மற்றும் சபை உறவுகள் ஆணையத்தின் கவனத்துக்குக் கொண்டுசெல்ல வேண்டும், அதன் பிறகே மாநாட்டுக்குக் கோரிக்கையாக அனுப்ப வேண்டும் என்று உங்கள் சினாட் வழி வகுத்திருக்கிறது. இந்த வரிசை நல்ல வரிசை. முதல் படியிலேயே நம் கருத்து தவறு என்று அன்போடு காட்டப்படலாம். அல்லது நாம் தனியாக இல்லை என்பது தெரியவரலாம். பிரசங்கபீடத்தை மட்டும் இதற்குப் பயன்படுத்தாதீர்கள். அங்கே நிற்பவருக்குப் பதில் சொல்லச் சபையாருக்கு வாய்ப்பில்லை. மேலும், "நாங்களோ சிலுவையில் அறையப்பட்ட கிறிஸ்துவைப் பிரசங்கிக்கிறோம்" என்ற வசனத்தைத்தான் இந்த மாநாடு தன் தலைப்பாக எடுத்திருந்தது.

மறுபடியும் போவதில் பயன் உண்டா என்கிறீர்கள். உண்டு. சர்க்கிட் உங்களைத் தேர்ந்தெடுத்தால் மறுக்காதீர்கள். தேர்ந்தெடுக்காவிட்டாலும் உங்கள் பங்கு குறைவதில்லை. தேசிய மாநாட்டுக்கு முந்திய ஆண்டில் மாவட்ட மாநாடுகள் கூடுகின்றன. ஆகவே அடுத்த தேசிய மாநாட்டின் விவாதங்கள் அதற்கு முந்திய ஆண்டிலேயே மாவட்டங்களில் உருவாகிவிடும். அதற்கு முன்னர் உங்கள் சபையின் வாக்காளர் கூட்டத்தில், மாநாடு தொடக்கத்தில் ஏற்கும் நிலையான விதிகளிலேயே, இரு தரப்பிலும் குறைந்தது சிலர் பேசும்வரை விவாதத்தை முடிக்க முன்மொழியக் கூடாது என்று ஒரு விதி சேர்க்கக் கோரும் வரைவை விவாதியுங்கள். பணிநூல் வெளியானதும் கனமான சில கோரிக்கைகளைத் தெரிந்தெடுத்து ஞாயிறு வேத வகுப்பில் வாரம் ஒன்றாக வேத வசனத்தோடு வைத்துப் பாருங்கள். பிரதிநிதி யாராக இருந்தாலும், சபையார் என்ன எண்ணுகிறார்கள், ஏன் அப்படி எண்ணுகிறார்கள் என்பதை எழுத்தில் பெற்றுக்கொண்டு புறப்படட்டும். வாக்களிக்கும்போது அவர் தம் மனச்சாட்சிக்கு உட்பட்டே வாக்களிக்கட்டும், ஆனால் தம் சபையார் சொன்னதை ஒலிவாங்கியின் முன் நேர்மையாக எடுத்துரைத்துவிட்டு வாக்களிக்கட்டும்.