வெறும் வயிற்றில் 98, சாயங்காலம் 274: ஸ்டீராய்டு செய்யும் வேலை

கேள்வி: அம்மாவுக்கு 58 வயது, எடை 60 கிலோ. பெம்ஃபிகஸ் என்ற கொப்புள நோய்க்காக மூன்று வாரமாகக் காலை 8 மணிக்கு 30 மி.கி. பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடுகிறார். முன்பு சுகர் இல்லை. லேபில் வெறும் வயிற்றில் 98. வீட்டு மீட்டரில் மாலை 5 மணிக்கு 274. மீட்டர் கோளாறா? கணையம் கெட்டுவிட்டதா? மாத்திரையை நிறுத்தலாமா?

பதில்: நிறுத்தாதீர்கள். மூன்று வாரம் வெளியிலிருந்து ஸ்டீராய்டு வந்தால், அட்ரினல் சுரப்பி உடலின் சொந்த ஸ்டீராய்டான கார்ட்டிசோலைச் சுரப்பதைக் குறைத்துக்கொண்டிருக்கும். சட்டென்று விட்டால் ரத்த அழுத்தம் சரிந்து மயக்கம் வரலாம், கொப்புளமும் திரும்பும்.

மீட்டரைச் சந்தேகிக்கும் முன் கையைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்து, மறுபடி பாருங்கள். மாம்பழம் நறுக்கிய விரலில் குத்தினால் 90கூட 250 ஆகும். கழுவிய பின்னும் 200-க்கு மேல் என்றால் அது நிஜம். லேப் சொன்னதும் நிஜம்தான். காலை மாத்திரையின் வேகம் மதியத்திலிருந்து ஏறி, சாயங்காலம் உச்சம் தொட்டு, இரவில் வடிந்துவிடும். அதனால் ஸ்டீராய்டு சுகரை வெறும் வயிற்றில் தேடினால் அகப்படாது. மூன்று மாதச் சராசரியான ஹெச்பிஏ1சி-யும் இந்த மூன்று வாரத்தை முழுதாகக் காட்டாது.

உள்ளே நடப்பது இதுதான். கல்லீரல் தேவைக்கு மேல் குளுக்கோஸ் தயாரிக்கிறது. தசை, இன்சுலின் கதவைத் தட்டினாலும் மெதுவாகத்தான் திறக்கிறது. கணையத்தில் இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்களில் ஸ்டீராய்டுக்கு இரண்டு முகம். சாப்பிட்டவுடன் பாய வேண்டிய இன்சுலினை முதல் சில டோஸ்களிலேயே மட்டுப்படுத்துகிறது. நாள் போகப் போக, தசையின் மந்தத்தை ஈடுகட்ட அதே செல்கள் வழக்கத்தைவிட அதிகம் சுரக்க வேண்டியிருக்கிறது. இப்படிக் கூடுதலாகச் சுரக்க நல்ல இருப்பு உள்ளவர்கள் சமாளித்துவிடுவார்கள். குடும்பத்தில் சுகர், தொப்பை, கர்ப்பகால சுகர் இருந்தவர்களுக்கு இருப்பு குறைவு. அங்கேதான் 274 வருகிறது. கணையம் கெட்டுவிட்டது என்பதைவிட, சுமை தாங்காமல் திணறுகிறது என்பதே பொருத்தம்.

இனி ஒரு வாரம் மதியச் சாப்பாட்டுக்கு முன், சாப்பிட்டு 2 மணி நேரம் கழித்து, இரவுச் சாப்பாட்டுக்கு முன் என மூன்று வேளையும் பார்த்து, மாத்திரை அளவோடு சேர்த்து எழுதுங்கள். மதியச் சோற்றைப் பாதியாக்கி, பொரியலும் பருப்பும் கூட்டுங்கள். நாலு மணி டீக்குச் சர்க்கரையும் பஜ்ஜியும் வேண்டாம். சுகர் ஏறும் நேரமே அதுதான்.

அந்த நோட்டோடு மருத்துவரைப் பாருங்கள். இன்சுலின் தேவைப்பட்டால், காலை மாத்திரையோடு போடும் என்.பி.ஹெச். இன்சுலின் (பால்போல் கலங்கலாக இருப்பது) நன்றாகப் பொருந்தும்; இரண்டின் உச்சமும் ஏறக்குறைய ஒன்றாக வரும். தொடக்கக் கணக்கு, 10 மி.கி. பிரெட்னிசலோனுக்குக் கிலோவுக்கு 0.1 யூனிட், அதிகபட்சம் 0.4. உங்கள் அம்மாவுக்கு அது 18 யூனிட். வயதானவர், சிறுநீரகக் கோளாறு உள்ளவர் என்றால் குறைத்தே தொடங்குவார்கள், அதனால் நீங்களாகப் போட வேண்டாம். இரவில் நீண்டநேர இன்சுலினை மட்டும் ஏற்றிக்கொண்டே போவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு: சாயங்காலம் 270 அப்படியே நிற்கும், விடியற்காலை 60-க்கு இறங்கும்.

அதைவிட ஆபத்து, ஸ்டீராய்டைக் குறைக்கும்போது இன்சுலினை மறப்பது. 30 மி.கி. 20 ஆனால், அதே கணக்கில் 18 யூனிட் 12 ஆக வேண்டும். தோல் மருத்துவர் மாத்திரையைக் குறைக்கும் அன்றே சுகர் மருத்துவருக்கும் சொல்லிவிடுங்கள். வியர்வை, நடுக்கம், 70-க்குக் கீழ் என்றால் மூன்று டீஸ்பூன் சர்க்கரை கரைத்துக் குடிக்கக் கொடுத்து, 15 நிமிடத்தில் மறுபடி பாருங்கள். 300-க்கு மேலேயே நின்று, தாகம், வாந்தி, குழப்பம் சேர்ந்தால் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள்.

மாத்திரை முடிந்து மூன்று மாதம் கழித்து, வெறும் வயிற்று சுகரும் ஹெச்பிஏ1சி-யும் ஒருமுறை பாருங்கள். பலருக்குச் சரியாகிவிடும், சிலருக்கு, முன்பே ஒளிந்திருந்த சுகர் அப்போது தெரியவரும்.