வாசகர் கேள்வி பதில்: தனியார் பாடசாலை விதிகள்

தனியார் பாடசாலைகளின் கல்வி, ஒழுக்க விதிகள் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம். ஒரே விடயத்தைக் கேட்ட கடிதங்களை ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம்.

மகளுக்கு ஆறாம் வகுப்புக்கு ஒரு தனியார் பாடசாலையில் இடம் கிடைத்திருக்கிறது. விதிக் கைநூல் ஒன்றைத் தந்து, கடைசித் தாளில் ஒப்பமிட்டு நாளைக்கே கொண்டுவரச் சொல்கிறார்கள். எதைப் பார்த்து ஒப்பமிடுவது? – தாயார், கொக்குவில்

அது எந்த வகைப் பாடசாலை என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். யாழ்ப்பாணத்தில் ‘தனியார்’ என்ற ஒரே பெயரில் இரண்டு வகை நடக்கின்றன. அரச உதவி பெற்ற பாடசாலைகளை 1960, 1961 சட்டங்களின் கீழ் அரசு பொறுப்பேற்றபோது அதில் சேராமல் நின்ற பழைய மிஷன் பாடசாலைகள் ஒரு வகை. வட்டுக்கோட்டை யாழ்ப்பாணக் கல்லூரி, உடுவில் மகளிர் கல்லூரி போன்றவை அவை. மற்ற வகை சர்வதேசப் பாடசாலைகள். 5 முதல் 14 வயது வரையான பிள்ளைகளுக்குப் புதிதாகத் தனியார் பாடசாலை திறப்பதை 1961 சட்டம் தடுத்தது. அதனால் இவை கம்பனிகளாகப் பதிவு செய்துகொண்டே நடக்கின்றன.

இந்த வித்தியாசம் பிரச்சினை வரும் நாளில்தான் தெரியும். முதல் வகை, கல்வி அமைச்சின் சுற்றறிக்கைகளை மதித்து நடக்க வேண்டிய இடம். அங்கே முரண்பாடு வந்தால் வலயக் கல்வி அலுவலகத்துக்கு எழுதலாம். சர்வதேசப் பாடசாலை பற்றி அதே அலுவலகத்துக்குப் போனால், ‘எங்கள் கையில் இல்லை’ என்று அனுப்பிவிடுவார்கள். அங்கே உங்களுக்கும் பாடசாலைக்கும் இடையில் இருப்பது நீங்கள் ஒப்பமிடும் அந்தக் கைநூல்தான். குற்றவியல் சட்டமும் சிறுவர் பாதுகாப்புச் சட்டங்களும் இரண்டுக்கும் பொது.

கைநூலில் சீருடை, சப்பாத்து, தலைப்பின்னல் பற்றிய பக்கங்களைப் பிறகு வாசிக்கலாம். முதலில் பணம் பற்றிய பகுதிக்குப் போங்கள். விலகுவதென்றால் எத்தனை நாளுக்கு முன் அறிவிக்க வேண்டும்? ஒரு தவணை முன்னறிவித்தல் கேட்கும் இடங்கள் உண்டு. தவறினால் அந்தத் தவணைக் கட்டணம் போய்விடும். அனுமதிக் கட்டணம் திரும்பாது என்பது வழமை. வைப்புப் பணம் வேறு, அது திரும்ப வேண்டியது. பற்றுச்சீட்டில் இரண்டையும் ஒரே தொகையாக எழுதியிருந்தால் பிரித்து எழுதித் தரச் சொல்லுங்கள்.

அடுத்து, வகுப்பேற்றத்துக்கு என்ன நிபந்தனை என்று பாருங்கள். அதன் பின் இடைநிறுத்தம், நீக்கம் பற்றிய பகுதி. ‘அதிபரின் தீர்மானமே இறுதியானது’ என்ற ஒரு வரியோடு அந்தப் பகுதி முடிந்தால், பிள்ளையிடமும் பெற்றாரிடமும் விளக்கம் கேட்கும் கட்டம் ஒன்று உண்டா என்று கேளுங்கள். வாய்ப்பதில் போதாது, மின்னஞ்சலில் வரட்டும். ‘விதிகள் காலத்துக்குக் காலம் மாற்றப்படலாம்’ என்ற வரி அநேகமாக எல்லாக் கைநூலிலும் இருக்கும். மாற்றினால் எப்படி அறிவிப்பார்கள் என்பதுதான் கேட்க வேண்டியது.

ஒப்பமிடும் தாளைக் கிழித்துக் கொடுத்த பிறகு உங்களிடம் எஞ்சுவது உங்கள் ஒப்பம் இல்லாத ஒரு புத்தகம். எனவே கொடுப்பதற்கு முன் அந்தத் தாளையும் எல்லாப் பக்கங்களையும் படம் எடுத்து வையுங்கள். ஒப்பத்துக்குக் கீழே திகதி போடுங்கள். நாளைக்கே வேண்டும் என்றால், இரண்டு நாள் அவகாசம் கேளுங்கள். அதற்காக யாரும் இடத்தைப் பறிப்பதில்லை.

பத்தாம் வகுப்பு மகன் பஸ் தரிப்பிடத்தில் நடந்த அடிபிடியில் சம்பந்தப்பட்டான் என்று, ‘நாங்கள் அழைக்கும்வரை அனுப்ப வேண்டாம்’ எனத் தொலைபேசியில் சொன்னார்கள். ஒன்பது நாளாகிறது. கடிதம் ஒன்றும் இல்லை. நாமாக விலத்தினால் விடுகைப் பத்திரம் நல்லபடியாகத் தருவதாக இப்போது சொல்கிறார்கள். – தந்தை, சுன்னாகம்

இது இடைநிறுத்தம் இல்லை. எழுத்தில் இல்லாத, முடிவுத் திகதி இல்லாத தண்டனை எந்த விதிப் புத்தகத்துக்குள்ளும் அடங்காது. பாடசாலைக்கு வெளியே நடந்ததற்கு விசாரிக்கலாமா என்றால், சீருடையில் இருந்தாலோ வரும் போகும் வழியில் நடந்தாலோ விசாரிக்கலாம் என்றுதான் பெரும்பாலான கைநூல்கள் சொல்கின்றன. அதோடு வாதிட்டு நேரத்தை வீணாக்க வேண்டாம். நடைமுறையைப் பிடியுங்கள்.

இன்றைக்கே அதிபருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். அரைப் பக்கம் போதும். எந்தத் திகதியில், எத்தனை மணிக்கு, யார் தொலைபேசியில் சொன்னார் என்பதை எழுதி, மூன்றைக் கேளுங்கள்: குற்றச்சாட்டு எழுத்தில், இடைநிறுத்தம் தொடங்கும் முடியும் திகதிகள், நீங்களும் மகனும் விளக்கம் சொல்லச் சந்திப்புக்கு ஒரு நாள். பதிவுத் தபாலில் அனுப்பி, பிரதியை மின்னஞ்சலிலும் போடுங்கள். தொனி மரியாதையாக இருக்கட்டும். இந்தக் கடிதத்தை நாளைக்கு முகாமைத்துவச் சபையும் வாசிக்கும்.

சந்திப்பில் கவனிக்க வேண்டியது பிள்ளையின் வாக்குமூலம். அடிபிடி நடந்த அன்றே ஓர் அறையில் இருத்தி, ஆசிரியர் சொல்லச்சொல்ல எழுதுவித்த தாள்கள் பல கோவைகளில் இருக்கின்றன. ‘நான் வேண்டுமென்றே தாக்கினேன்’ என்று பதினைந்து வயதுப் பிள்ளை தானாக எழுதாது. அந்தத் தாளின் பிரதியைக் கேளுங்கள். மகன் தன் சொற்களில், என்ன நடந்தது, யார் முன்னால் நின்றது, தான் என்ன செய்தது என்று புதிதாக ஒன்று எழுதித் திகதியிட்டுக் கொடுக்கட்டும். தான் செய்ததை மறைக்க வேண்டாம் என்றும் சொல்லுங்கள். மற்றப் பிள்ளைகளின் தாளில் அது இருந்தே தீரும்.

வரவு இடாப்பையும் கேளுங்கள். இந்த ஒன்பது நாளும் ‘வரவில்லை’ என்று பதிந்திருந்தால், ஒரு வருடத்தின் பின் அது காரணமின்றிப் பிள்ளை வராத நாளாகத்தான் தெரியும். உயர்தர மாணவர் என்றால் இன்னும் முக்கியம். பாடசாலைப் பரீட்சார்த்தியாகத் தோற்றுவதற்கு 80 சதவீத வரவு வேண்டும் என்பது பொது விதி, கொரோனாக் காலத்தில் அது தளர்த்தப்பட்டது. தவறிய பாடங்களின் குறிப்பும் ஒப்படைகளும் வீட்டுக்கு வர வேண்டும். பரீட்சை நாள் இடையில் வந்தால் எழுத விடுவார்களா என்பதையும் எழுத்தில் கேட்டு வையுங்கள்.

இனி, ‘நாமாக விலத்துவது’. அந்தக் கடிதத்தில் அவசரப்பட்டு ஒப்பமிடாதீர்கள். ஒப்பமிட்டால் பாடசாலை யாரையும் நீக்கவில்லை, நீங்கள்தான் விலகினீர்கள். அதன் பிறகு மேன்முறையீடு இல்லை, முன்னறிவித்தல் தரவில்லை என்று கட்டணமும் திரும்பாமல் போகலாம். சில வேளை விலகுவதே பிள்ளைக்கு நல்லதாக இருக்கும், அதை நாம் மறுக்கவில்லை. அப்படியென்றால் முதலில் அடுத்த பாடசாலையில் இடத்தை உறுதி செய்யுங்கள். பிறகு விடுகைப் பத்திரத்தில் நடத்தை என்ற இடத்தில் என்ன எழுதப்போகிறார்கள் என்று பார்த்து, அதே மேசையில் கடிதத்தைக் கொடுத்துப் பத்திரத்தை வாங்குங்கள். 2016 முதல் கட்டாயக் கல்வி வயது 16 வரை. அந்த வயதுக்குள் உள்ள பிள்ளைக்கு எங்கும் இடம் கிடைக்காவிட்டால் வலயக் கல்விப் பணிப்பாளரிடம் நேரே போகலாம். சுன்னாகம் என்றால் வலிகாமம் வலயம்.

ஒன்பதாம் வகுப்பில் மகளுக்குக் கணிதத்தில் தவணைப் பரீட்சைப் புள்ளி 34. அதே வகுப்பில் மறுபடியும் இருத்தப் போவதாகச் சொல்கிறார்கள். செய்யலாமா? – தாயார், நெல்லியடி

கைநூலில் வகுப்பேற்ற விதி இருந்தால் செய்யலாம். ஆனால் 34 என்ற எண்ணை வைத்து முடிவெடுக்கக் கூடாது. பல தனியார் பாடசாலைகளில் இறுதிப் புள்ளி பரீட்சையும் ஒப்படைகளும் சேர்ந்தது. உதாரணத்துக்கு, பரீட்சைக்கு 70 சதவீதம், மூன்று ஒப்படைகளுக்குப் பத்துப் பத்தாக 30 சதவீதம், சித்திப் புள்ளி 40 என்று வைப்போம். பரீட்சையில் 34 என்றால் கிடைப்பது 23.8. ஒப்படைகளில் 8, 7 எடுத்து, மூன்றாவதைக் காய்ச்சலில் கிடந்ததால் கொடுக்கவில்லை. அதற்குப் பூச்சியம் போட்டால் மொத்தம் 38.8, சித்தியில்லை. மருத்துவச் சான்றிதழை ஏற்று, மற்ற இரண்டின் சராசரியான 7.5ஐ அங்கே போட்டால் மொத்தம் 46.3. பிள்ளை ஒன்றுதான், விடைத்தாளும் அதேதான். வருடம் போவதும் தப்புவதும் அந்தப் பூச்சியத்தில் இருக்கிறது.

ஆகவே, புள்ளிப் பதிவேட்டில் ஒவ்வொரு கட்டத்தையும் காட்டச் சொல்லுங்கள். வெறுமையாக விட்ட கட்டத்தைக் கணினித் தாள் பூச்சியமாகக் கூட்டிவிடுவதும் உண்டு. விடைத்தாளைப் பார்க்கக் கேளுங்கள், மீள்திருத்தத்துக்குக் கைநூலில் கெடு இருந்தால் அதைத் தவறவிடாதீர்கள். சித்தி எல்லை எது என்பதும் குழப்பம் தரும். சாதாரண தரப் பரீட்சையில் 35க்குக் கீழே W, அதாவது சித்தியில்லை. சில பாடசாலைகள் 35ஐ வைக்கும், சில 40. எழுதியிருப்பது எதுவோ அதுதான்.

ஒரு பாடத்துக்காக முழு வருடத்தையும் மறுபடி படிப்பிப்பதில் எங்களுக்கு உடன்பாடில்லை. கணிதத்தில் 34 எடுத்த பிள்ளைக்கு மறுபடி வரலாறும் தமிழும் தேவையில்லை, பின்னங்களும் அட்சரகணிதமும்தான் தேவை. விடுமுறையில் மீட்டல் வகுப்பு, தவணை தொடங்கும்போது ஒரு மீள்பரீட்சை என்று நிபந்தனையோடு ஏற்றச் சொல்லிக் கேளுங்கள். முதல் தவணையிலிருந்தே பிள்ளை பின்தங்குவதாகப் பாடசாலை எழுத்தில் அறிவித்திருக்க வேண்டும். அறிவிக்காமல் மூன்றாம் தவணையில் சொன்னால், அதையே உங்கள் வாதமாக வையுங்கள்.

நான் ஆசிரியை. ஒப்படை கொடுத்தால் மூன்று பிள்ளைகள் ஒரே கட்டுரையைத் தருகிறார்கள். செயற்கை நுண்ணறிவில் எழுதியது என்று தெரிகிறது, நிரூபிக்க முடியவில்லை. ஒழுக்கக் குழுவுக்கு அனுப்பலாமா? – மானிப்பாய்

உடனே வேண்டாம், ரீச்சர். கண்டுபிடிக்கும் மென்பொருள்களை நம்பித் தண்டிக்காதீர்கள். பிள்ளை தானே எழுதியதையும் அவை இயந்திரம் எழுதியது என்று காட்டிவிடும். பிள்ளையைக் கூப்பிட்டு ஐந்து நிமிடம் கதையுங்கள். கட்டுரையில் உள்ள ஒரு கடினமான சொல்லின் கருத்தைக் கேளுங்கள், இரண்டாம் பந்தியைத் தன் சொல்லில் சொல்லச் சொல்லுங்கள். எழுதிய பிள்ளை தடுமாறினாலும் சொல்லும். எழுதாத பிள்ளை தாளைத் தேடும்.

அடுத்த முறை ஒப்படையையே மாற்றுங்கள். ‘நீர் மாசடைதல்’ என்று கொடுத்தால் எல்லோரிடமும் ஒரே கட்டுரைதான் வரும். ‘உங்கள் வீட்டுக் கிணற்று நீர் மழைக்கு முன்னும் பின்னும்’ என்று கொடுத்து, முதற் படியைக் கையால் எழுதி ஒரு கிழமை முன்னதாகக் காட்டச் சொல்லுங்கள். அந்தப் படிக்குப் பத்தில் மூன்று புள்ளி.

விதியில் முதல் தடவைக்கு மறுபடி எழுதுவது, இரண்டாம் தடவைக்கு அந்த ஒப்படைக்குப் பூச்சியமும் பெற்றாருக்குக் கடிதமும், அதற்கு மேல்தான் ஒழுக்கக் குழு என்று வைப்பது போதும். கொடுத்த பிள்ளைக்கும் வாங்கிய பிள்ளைக்கும் ஒரே விதி. ஒன்று மட்டும் கூடாது: வகுப்பில் குழப்படி செய்ததற்குப் பாடப் புள்ளியைக் குறைப்பது. புள்ளி பிள்ளைக்கு என்ன தெரியும் என்பதைச் சொல்ல வேண்டும். குழப்படிக்கு வேறு பதிவேடு இருக்கிறது.

கைநூலில் ‘தேவையேற்படின் மென்மையான உடல் தண்டனை’ என்று இருக்கிறது. ஒப்பமும் இட்டுவிட்டோம். ஆசிரியர் அடித்ததில் பிள்ளையின் கையில் தழும்பு. – பெற்றார், சாவகச்சேரி

உங்கள் ஒப்பம் அதற்கு அனுமதியாகாது. கல்வி அமைச்சின் 12/2016 சுற்றறிக்கை பாடசாலையில் உடல் தண்டனையைத் தடை செய்கிறது. பிள்ளையைக் கொடுமைப்படுத்துவது தண்டனைச் சட்டக்கோவையின் 308அ பிரிவின் கீழ் குற்றம், இது சர்வதேசப் பாடசாலை ஆசிரியருக்கும் பொருந்தும். ஆசிரியர் அறைந்ததில் ஒரு மாணவனின் செவிப்புலன் பாதிக்கப்பட்ட வழக்கில், 2021 பெப்ரவரியில் உயர் நீதிமன்றம் ஆசிரியர் 150,000 ரூபாயும் அரசு 500,000 ரூபாயும் நட்டஈடு கொடுக்க வேண்டும் என்றது. அது அரச பாடசாலை. தனியார் என்றால் பொலிஸ் முறைப்பாடும் மாவட்ட நீதிமன்றத்தில் நட்டஈட்டு வழக்கும் நேரான வழி.

தழும்பு மங்குவதற்கு முன் செய்ய வேண்டியதைச் செய்யுங்கள். பகல் வெளிச்சத்தில், பக்கத்தில் அடிமட்டம் வைத்துப் படம் எடுங்கள். அரச வைத்தியசாலைக்குக் கொண்டுபோய், யார் அடித்தது என்பதைச் சொல்லிப் பதியுங்கள். ‘விழுந்துவிட்டான்’ என்று சொல்லிப் பதிந்தால் பிறகு மாற்றுவது கடினம். பொலிஸ் முறைப்பாடு வந்தால் சட்ட வைத்திய அதிகாரி பார்ப்பார். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் இலக்கம் 1929. பிரதேச செயலகத்தில் சிறுவர் உரிமை மேம்பாட்டு அலுவலரும் இருக்கிறார். பாடசாலை சமரசம் பேச வந்தால் பேசலாம், ஆனால் முறைப்பாட்டுப் பிரதியைக் கையில் வைத்துக்கொண்டு.

மகளின் கைத்தொலைபேசியைப் பறித்து வருட முடிவில்தான் தருவதாகச் சொல்கிறார்கள். – நல்லூர்

பாடசாலைக்குள் கொண்டுவரக் கூடாது என்று விதி இருந்தால் எடுத்து வைக்கலாம். ஆனால் பெறுமதியுள்ள பொருளை மாதக்கணக்கில் வைத்திருப்பது பாடசாலைக்கே தலையிடி. தொலைந்தால் யார் பொறுப்பு? எடுத்த திகதி, மாதிரி, நிலைமை எழுதிய துண்டு ஒன்றைக் கேளுங்கள். சிம் அட்டையை அன்றே திருப்பி வாங்கலாம். வைத்திருக்கும்போது யாரும் அதைத் திறந்து படங்களையோ செய்திகளையோ பார்க்கக் கூடாது, அணைத்து உறையில் ஒட்டி வைக்க வேண்டும். பெற்றார் நேரில் வந்தால் தருவது என்பது பெரும்பாலான இடங்களில் உள்ள நடைமுறை. நாளைக் காலை எட்டு மணிக்கு முன் பகுதித் தலைவரைப் போய்ப் பாருங்கள். வகுப்புத் தொடங்கிவிட்டால் பத்து மணி இடைவேளை வரை காத்திருக்க வேண்டி வரும்.